பாத்துத் தாங்க

எனக்குப் பெரிய ஆசைகள் ஒன்றும் இருந்ததில்லை. ஒன்றே ஒன்று இருந்தது. இந்த வீட்டு வளவுக்குள் வேலைக்கு வருகிற ஒரு மனுசனாவது, வேலை தொடங்க முதல் வாயைத் திறந்து, இதுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லவேண்டும். கூடச் சொன்னாலும் பரவாயில்லை, குறைக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். முப்பது வருசமாகக் காத்திருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் தபால் கந்தோரில் இருந்தவன். முத்திரையின் விலை முத்திரையிலேயே அச்சடித்திருக்கும். பார்சலைத் தராசில் வைத்தால் முள்ளு ஒரு இடத்தில் நிற்கும், அதற்கு ஒரு கட்டணம் இருக்கும். வந்தவர் சொந்தமா பிறத்தியா என்று தராசு கேட்காது. அப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால் காலத்தைக் கழித்தவன், வந்தாறுமூலைப் பக்கத்திலிருந்து குருக்கள்மடத்துக்குக் கலியாணம் கட்டி வந்து இந்த ஊரில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்று எழுதினால் மனைவி கோபிப்பாள். கோபிக்கட்டும்.

இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை. கிணறு இறைக்க வந்தவர் மாமன் முறை. ஓடு மாற்ற வந்தவர் அண்ணன் முறை. வேலி அடைக்க வந்தவருக்கு நான் சித்தப்பா முறையாம், அவருக்கு என்னைவிட வயது கூட. வேலை முடியும், கை கால் கழுவுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், மழையைப் பற்றியும் வயல் வட்டையில் நெல் வெள்ளாமை எப்படி என்றும் கதைப்பார்கள். கடைசியில் நான் எவ்வளவு என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள், முற்றத்தைப் பார்ப்பார்கள், என்னை மட்டும் பார்க்காமல், "பாத்துத் தாங்க" என்பார்கள்.

எதைப் பார்ப்பது? இதைத்தான் நான் முப்பது வருசமாகக் கேட்கிறேன். கூடக் கொடுத்தால், நம்மைக் கூலிக்காரனாக நினைத்துக் காசை விசுக்கினான் என்பார்கள். குறையக் கொடுத்தால் சொல்லவே தேவையில்லை. சரியாகக் கொடுக்கலாம் என்றால் எது சரி என்று ஒருத்தருக்கும் தெரியாது, கொடுத்து முடிந்து ஒரு கிழமை கழித்துச் சந்தியில் யாராவது சொல்லித்தான் எங்களுக்கே தெரியவரும். மனைவியிடம் கேட்டால் அவளும், "நீங்க பாத்துக் குடுங்க" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். சொந்தக்காரனிடம் விலை சொல்வது, நீ எனக்கு ஒருத்தனும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம் என்று அவள்தான் எனக்கு வந்த புதிதில் விளக்கினாள். விளங்கிக்கொண்டேன். ஆனாலும் அலுத்துப்போனது.

இனி லைற்றுகளின் கதை. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு பக்கத்து உப்பும் வந்து சேருகிற இடம் எங்கள் வீட்டு லைற்றுகள்தான் என்று நான் நம்புகிறேன். ஹோலில் இருந்த ரியூப் லைற் எரியவா விடவா என்று யோசித்து யோசித்துத்தான் எரியும். விறாந்தை லைற்றின் மூடியைத் துடைக்கப் போனால் துரு உதிர்ந்து கண்ணில் விழும். சாமி அறையில் பல்பை மாற்றப் போன அன்று ஹோல்டரே கழன்று கையோடு வந்துவிட்டது. இருட்டிலேயே கும்பிட்டோம். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

கலியாணம் என்றால் எங்கள் பக்கத்தில் வீடு. இந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பின்வளவில் கட்டியிருக்கிற இரண்டு அறைக்குப் போகவேண்டும். மாமாவும் மாமியும் எங்களுக்கு இப்படித்தான் விட்டுக்கொடுத்துப் போனார்கள். ஆக, இத்தனை வருசம் நான் இருந்த வீடு ஒருநாளும் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. மனைவிக்குச் சொந்தம், இனி மகளுக்குச் சொந்தம். லைற் மாற்றுகிற செலவு மட்டும் எனக்குச் சொந்தம். இதைச் சொல்லி நான் சிரித்தபோது மனைவி சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் வேறு. இந்த வீட்டுக்கு முதன்முதல் வயர் இழுத்து லைற் போட்டவன் அவளுடைய தம்பி. எங்கள் கலியாணத்துக்கு முன்னம், அப்போதுதான் வேலை பழகி முடித்த இளந்தாரி, அக்காவின் சீதன வீடு என்று ஒரு சதம் வாங்காமல் செய்து கொடுத்தான். பிறகு பாசிக்குடா ஹோட்டல்களில் கனகாலம் வேலை செய்தான். இப்போது பக்கத்து ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான், இந்த ரோட்டு நெடுக வீடுகளுக்கு வயரிங் செய்கிறான். அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான். அவனும் எங்கள் வீட்டு வாசல் படலையைத் தாண்டி நாலு வருசம்.

காரணம் ஒரு ஃபேன். நாலு வருசத்துக்கு முன் ஹோலில் ஃபேன் கொழுவ அவனைக் கூப்பிட்டோம். கொழுவினான், மெயின் சுவிச்சையும் பார்த்தான், போகும்போது வழமைபோல, "பாத்துத் தாங்க அத்தான்" என்றான். நானும் பார்த்துக் கொடுத்தேன். குறைவாகக் கொடுக்கவில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். அவன் எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு போனான். ஒரு கிழமையில் கடையடியில் ஒருத்தர் எனக்குச் சொன்னார், அத்தான் தந்தது பெற்றோலுக்கும் காணாது என்று அவன் எங்கேயோ சொன்னானாம். நான் சும்மா இருப்பேனா? அவனுக்குத் தன்னைக் கொழும்பு எஞ்சினியர் என்று நினைப்பு என்று அந்த ஆளிடமே சொன்னேன். ஊரில் கதை காவுகிறதுக்குக் கூலி கிடையாது, ஆனாலும் அந்த வேலை மட்டும் ஒருநாளும் பிந்துவதில்லை. அன்றோடு நின்றது வரத்துப்போக்கு.

ரோட்டால் அவன் மோட்டார்சைக்கிளில் போவான். நேரே பார்த்துக்கொண்டு போவான். அந்தச் சத்தம் கேட்டால் மனைவியின் கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் சுளகு நிற்கும். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மறுபடி தொடங்குவாள். அவள் என்னிடம் ஒருநாளும் இதைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் காத்தான்குடியில் ஒரு லைற் கடைக்குப் போனேன். எட்டு இடத்துக்கு எட்டு எல்.ஈ.டி. லைற் எடுத்தேன். கடைக்காரரிடம் இதைப் பூட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்க, அங்கேயே நின்ற ஒரு வயரிங்காரரைக் காட்டினார். அந்த மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார், வீடு எங்கே என்று கேட்டார், பழைய வயரா என்று கேட்டார். பிறகு ஒரு மூச்சில் சொன்னார், லைற் ஒன்றுக்கு எண்ணூறு ரூபா, எங்கேயாவது வயர் மாற்ற வந்தால் அதற்கு வேறாக இரண்டாயிரம், வயர் காசு உங்களுடையது, வெள்ளிக்கிழமை தொழுகை, வரமாட்டேன். அவ்வளவுதான். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. முப்பது வருசத்தில் முதல்தடவையாக ஒரு மனுசன் என் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். குறைக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் லைற் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் அடுக்கினாள். பிறகு தம்பியைக் கூப்பிடச் சொன்னாள். நான் ஏலாது என்றேன். அவள் விடவில்லை. கலியாணத்துக்குத் தாய்மாமன் வந்து முன்னுக்கு நிற்கவேண்டும், வெற்றிலை அடுக்கின தட்டமான வட்டாவோடு போய் முறையாகச் சொல்லவேண்டும், ஆனால் நேரே போய் அவன் வட்டாவில் வெற்றிலை எடுக்காவிட்டால் அதற்குப் பிறகு ஒரு வழியுமில்லை என்றாள். அவள் இதைக் கனநாளாக யோசித்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"முதல்ல அவன் வந்து லைற்றப் போடட்டும்," என்றாள். "முடிச்சுப்போட்டு வாயால பாத்துத் தாங்க எண்டு சொல்லிட்டானெண்டா அவன் இன்னும் என்ட தம்பிதான். அடுத்த நாளே வட்டாவோட போவன். விலை சொன்னானெண்டா நம்மளப் பிறத்தியாக்கிட்டான். பிறகு நான் அவன்ட வாசல மிதிக்க மாட்டன், என்ட புள்ளைக்கு மாமன் இல்லாமத் தாலி ஏறட்டும்."

உலகத்தில் நான் வெறுக்கிற ஒரு வசனம் உண்டென்றால் அந்த வசனம்தான், அதில் கொண்டுபோய் மகளின் கலியாணத்தைக் கட்டிவிட்டாள். விலை சொல்லக்கூடாது என்று நான் வேண்டவேண்டிய காலமும் வந்ததே என்று நினைத்தேன். காத்தான்குடியாருக்குப் போன் எடுத்து இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

மச்சானுக்கும் நான்தான் போன் எடுக்கவேண்டியதாயிற்று. அவள் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு லைற் எல்லாம் பழுது, மகளுக்குக் கலியாணம் வருகிறது, நீ வந்தால் நல்லது என்று சொன்னேன்.  அவன், "சனிக்கிழமை வாறன்" என்று வைத்துவிட்டான். அத்தான் என்று சொல்லவில்லை என்று நான் கவனித்தேன். வாறன் என்று சொன்னானே என்று அவள் கவனித்தாள். அந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு சனிக்கிழமை வரைக்கும் அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. எந்தக் குரலில் சொன்னான், மெதுவாகவா கெதியாகவா, பின்னால் யாரும் கதைத்தார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

சனிக்கிழமை காலை வெள்ளன வந்தான். மகள் கம்பஸ் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். தலைமயிர் நரைத்திருந்தது, வயிறும் வைத்திருந்தது. பையை விறாந்தையில் வைத்துவிட்டு எந்த எந்த லைற் என்று என்னைக் கேட்டான். மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "வேணாம், குடிச்சுப்போட்டுத்தான் வந்தன்," என்று கோப்பையைப் பார்க்காமலே சொன்னான். அவள் கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோனாள். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணி வெந்நி தொடமாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவன் தனியாக வந்திருந்தபடியால் ஏணி பிடிக்கிற வேலை எனக்கு. நாலு வருசமாக முகம் பார்க்காத இரண்டு பேரை ஒரு ஏணியில் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? அவன் மேலே, நான் கீழே. அவனுடைய குதிக்கால் என் மூக்குக்கு நேரே. பழைய லைற்றைக் கழற்றிக் கீழே நீட்டுவான், நான் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாங்குவேன். துருவும் தூசியும் பல்லிமுட்டையும் என் தலையில் கொட்டும். நான் இருமுவேன். அவன் அடுத்த திருகாணியைக் கழற்றுவான். ஏணியை நகர்த்தவேண்டும் என்றால் இரண்டு தட்டுத் தட்டுவான், மாட்டைத் தட்டுகிற மாதிரி. வேறொரு நாளென்றால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு மகளின் கலியாணம் அவன் வாயில் இருந்தபடியால் பொறுத்துக்கொண்டேன்.

ஹோல் லைற்றைக் கழற்றினபோது மட்டும் அவன் கனநேரம் அசையாமல் நின்றான். ஏதும் பழுதா என்று கேட்டேன். வயரின் தோல் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டு ரேப் சுற்றியிருந்த மூட்டு ஒன்றை விரலால் தொட்டுக்கொண்டு, "இது நான் போட்ட மூட்டு," என்றான். எனக்குச் சொன்னானா தனக்குச் சொன்னானா தெரியாது. பிறகு, இந்த வயர் இனிச் சரிவராது, மெயின் சுவிச்சிலிருந்து ஹோல் வரைக்கும் மாற்றவேண்டும், வாங்கி வாங்க என்று அளவைச் சொன்னான். நான் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். ரேப்பை மறந்துவிட்டேன், மறுபடி போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. போகிற வழியில் எல்லாம் ஒரே வேண்டுதல்தான், கடவுளே, இந்த மனுசன் விலை சொல்லாமல் இருக்கவேண்டும். கடவுளுக்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும்.

மத்தியானம் வீடு முழுக்க நண்டுக்கறி மணந்தது. வாவி நண்டு, முருங்கையிலை போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் விட்டு. அவனுக்கு உயிர். விடியவே கரைக்குப் போய்த் தோணி வரும்வரை நின்று வாங்கி வந்திருந்தாள், எனக்கு அப்படி ஒருநாளும் செய்ததில்லை. சாப்பிட வரச்சொல்லுங்க என்று என்னைத்தான் அனுப்பினாள். அவன் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றான். வெள்ளன வந்த மனுசன் எங்கே மத்தியானச் சோறு சாப்பிட்டிருப்பான்? படலைக்கு வெளியே வேம்புக்குக் கீழே மோட்டார்சைக்கிளில் குந்தி, தன்னுடைய போத்தலில் இருந்து தண்ணி குடித்தான். மனைவி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். சோற்றுக் கோப்பைகளை எடுத்து வைத்தாள், பிறகு மூடினாள். அவளும் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிடுவது? நண்டை மணந்துகொண்டு பட்டினி கிடந்தேன்.

வெயில் தாழ்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டுக் காட்டினான். ஹோல் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் இருந்த கறையெல்லாம் தெரிந்தது, வெள்ளையும் அடிக்கவேண்டும் என்று நினைத்து எனக்கு இன்னும் களைப்பானது. சாமி அறையில் லைற் எரிந்தபோது படங்களில் எத்தனை தூசி என்று தெரிந்தது. வேலை திறம். அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. வயரையெல்லாம் பிளாஸ்ரிக் கேசிங்குக்குள் விட்டு, சுவரில் ஒரு கோடுமாதிரி நேராக அடித்திருந்தான்.

அவன் கீழே குந்தி ரெஸ்ரரையும் குறட்டையும் பைக்குள் வைத்தான். மனைவி அடுப்படி வாசலில், கதவுக்குப் பின்னால் அரைவாசி தெரிய நின்றாள். இனிக் கேட்கவேண்டியது நான். வழமையாக எவ்வளவு என்று கேட்பேன். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கே பயந்துபோனேன். அவனுக்கு வழியைக் காட்டிவிடுவோம், அந்த வசனத்தை நானே எடுத்து அவன் வாயில் வைத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

"மச்சான், நானே பாத்துத் தரட்டா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம். விலையச் சொல்லுறன். லைற்றுக்கு எண்ணூறுபடி எட்டு. வயர் மாத்தினத்துக்கு ரெண்டாயிரம். எட்டாயிரத்தி நானூறு."

காத்தான்குடியார் சொன்ன அதே கணக்கு, தொழிலில் நடக்கிற விலை. ஒரு ரூபா கூடவுமில்லை, குறையவுமில்லை. முப்பது வருசமாக நான் கேட்ட நியாயமான விலை அது, என்னுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அடுப்படிப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவளே வெளியே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பிக்கு நேரே போய் நின்றாள். நாலு வருசமாக என்னிடம் பிடிக்காத சண்டையெல்லாம் அந்த முகத்தில் இருந்தது.

"உன்ட மருமகள்ட கலியாண வீட்டுக்கு லைற் போட்டுப்போட்டு விலை சொல்லுறியாடா? நான் உனக்கு ஆரு? கடையில நிக்கிற சனமா?"

அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடிவாங்கப் போகிற மாதிரித் தலையைக் குனிந்திருந்தான், அந்த நரைத்த தலையை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அந்தப் பாழாய்ப்போன ஃபேன்.

"விலை சொல்லாம விட்டதாலதானேக்கா இவ்வளவும் வந்த," என்றான். "அண்டைக்கே இவ்வளவு எண்டு சொல்லியிருந்தா அத்தான் தந்திருப்பார், நானும் ஒண்டும் நினைச்சிருக்க மாட்டன். இண்டைக்கும் பாத்துத் தாங்க எண்டு சொல்லிப்போட்டுப் போனா, எவ்வளவு தந்தாலும் என்ட மனசுக்குள்ள ஒண்டு இரிக்கும். அத வெச்சுக்கொண்டு அவள்ட கலியாணத்துல நான் எப்பிடிக்கா முன்னுக்கு நிக்கிற?"

அவள் இடுப்பில் செருகின தலைப்பை எடுத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னுடைய போன் வந்த நாளிலிருந்து, இல்லை, அதற்கும் எத்தனையோ நாள் முன்னமிருந்து, அவன் இந்த வாசலுக்குள் எப்படி வருவது என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் மற்றக் கதவால் வந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அறைக்குள் போய்க் காசை எடுத்து வந்தேன். எண்ணி அவன் கையில் வைத்தேன். அவனும் எண்ணினான், எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால், விரலில் எச்சில் தொட்டு, கந்தோரில் நாங்கள் எண்ணுகிற மாதிரி. சரி என்றான். சேர்ட் பையில் வைத்தான். என் கண் கலங்கியது, ஏன் என்று தெரியவில்லை. கவுண்டரில் எத்தனை ஆயிரம் பேரிடம் காசு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

அவன் பையைத் தூக்கவில்லை. காலால் சுவரோரம் தள்ளி வைத்தான்.

"நண்டு மிச்சமிரிக்காக்கா?"

அவள் கிறுகி அடுப்படிக்குள் போனாள். போன வேகத்தில் ஒரு சட்டி மூடி கீழே விழுந்து உருண்டது. மிச்சமா? நாங்கள் தொடவே இல்லையே. புதிதாகப் பூட்டின லைற்றுக்குக் கீழே, ஹோல் நடுவில் பாய் போட்டு, சோற்றுக் கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்து, கேட்காமலே கறியை அள்ளி ஊற்றினாள். அவன் நண்டுக் காலை உடைத்து உறிஞ்சிச் சாப்பிட்டான். உப்புக் காணாது என்றான். பசி இல்லாவிட்டால் எழும்பு என்றாள். பிறகு மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை, ஆர் பேசினது என்று அவன் கேட்கத் தொடங்கினான், அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் குந்திச் சொல்லத் தொடங்கினாள். வட்டாவோடு நாளைக்கு வரப்போகிறோம் என்றாள். காலையில் வாங்க, பின்னேரம் எனக்கு வேலை இரிக்கு என்றான். எனக்கும் ஒரு கோப்பை போடவேண்டும் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் இல்லை. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

அவன் போகும்போது நன்றாகப் பொழுதுபட்டிருந்தது. படலையடியில் மோட்டார்சைக்கிளை உதைத்துவிட்டு, "வாறன் அத்தான்," என்றான். சத்தம் ரோட்டில் ஏறி மறையும்வரைக்கும் மனைவி விறாந்தையில் நின்றாள். புது லைற் வெளிச்சத்தில் அவள் முகத்தில் இருந்த களைப்பு முழுதும் தெரிந்தது. ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறாள், முப்பது வருசத்தில் ஒருதடவையாவது என் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"அவன்தான் ஒரு கணக்குச் சொன்னானெண்டா," என்றாள், "நீங்க கொஞ்சம் பாத்துக் கூடக் குடுத்திருக்கலாமே."

ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன்.